மூலை வெட்டு

எங்கள் நகராட்சி எல்லைக்குள் கடந்த இருபத்தொரு ஆண்டுகளில் கட்டப்பட்ட எந்த வீட்டையும் பின்பக்கமாகச் சுற்றி வந்து பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பக்கத்துச் சந்து முடிந்து பின்புறம் திரும்புகிற இடத்தில் வீட்டின் மூலை கூராக இருக்காது. தரையிலிருந்து ஏழடி உயரம் வரை, இரண்டடிக்கு இரண்டடி, சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அதற்கு மேலே சுவர் மறுபடி தன் மூலைக்குப் போய்விடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதை அழகுக்காகச் செய்தது என்று நினைத்துக்கொள்வார்கள். அழகு ஒன்றும் இல்லை. கட்டட விதித் தொகுப்பில் பதினான்காம் விதி, நான்காம் உட்பிரிவு. மூலையை வெட்டிக் காட்டாத வரைபடம் எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது.

போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் வரைபட ஆய்வாளர். மனையின் நான்கு பக்க இடைவெளி, மழைநீர் ஓடுகிற வாட்டம், கழிவுநீர் இணைப்பு, வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சரிபார்த்து, குறைகளுக்கு எண் போட்டுக் கடிதம் எழுதி அனுப்புகிறவன். ஆனால் எந்த வரைபடத்தை விரித்தாலும் என் அளவுகோல் முதலில் போய் நிற்பது பின் மூலையில்தான். அதனால் மேஸ்திரிகள் எனக்கு வைத்த பெயர் மூலை சார். என் காது படவே சொல்வார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை.

தையற்காரம்மாவின் வரைபடம் நான்காவது தடவையாக வந்தபோதும் அளவுகோல் அங்கேதான் போனது. மூலை கூராகவே இருந்தது. மூன்று தடவை குறை எழுதி அனுப்பியும் வெட்டவில்லை. நான்காவது தடவையும் திருப்பி அனுப்பினால் விண்ணப்பம் காலாவதி. ஓராண்டு கழித்துத்தான் மறுபடி போட முடியும். அந்த அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் இந்தத் தடவை தபாலில் அனுப்பாமல், மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை.

"இந்தத் தடவையும் அதே மூலைதானா சார்?"

"அதே மூலைதாம்மா. வெட்டிக் காட்டுங்க, இன்னைக்கே குறிப்பு எழுதிடறேன்."

"வெட்டினா என் வீட்டுக்காரர் குளிக்க முடியாது சார்."

மேஸ்திரி இடையில் புகுந்தார். "சார், இந்த ஊர்ல பாதி வீட்டுக்கு மூக்கை அறுத்தவன் நான். அறுக்கச் சொன்னது நீங்க. இதுவரைக்கும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பேனா? இந்த ஒரு வீட்டை மூக்கோட விட்டுருங்க."

"விடறதுக்கு அது என் மூக்கு இல்லையே மேஸ்திரி."

"ஊரே உங்க மூக்குன்னுதானே சொல்லுது."

அந்த அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு சாக்கட்டியை எடுத்தார், துணியில் கோடு போடுகிற தட்டைச் சாக்கட்டி. அலுவலகத்துச் சிமெண்ட் தரையில் ஐந்தடிக்கு ஐந்தடி ஒரு சதுரம் போட்டார். நாடாவை வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்தார். சதுரத்தின் ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி வெட்டிக் கோடு இழுத்தார். பிறகு பையிலிருந்து மடித்து வைத்திருந்த பழுப்புக் காகிதத்தை எடுத்து விரித்தார். வட்டமாகக் கத்தரித்த காகிதம். குறுக்களவு ஐந்தடி.

"இது அவரோட சக்கர நாற்காலி திரும்பறதுக்கு வேணுங்கிற இடம். ஆஸ்பத்திரியில சொல்லிக் கொடுத்தது. இதுக்குக் கொஞ்சம் குறைஞ்சாலும் உள்ள போனவரு திரும்பி வெளிய வர முடியாது."

வட்டத்தைச் சதுரத்துக்குள் வைத்தார். மூன்று பக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. வெட்டிய மூலையில் காகிதம் கோட்டைத் தாண்டி நாலு விரல் அகலம் வெளியே நின்றது.

"துணியா இருந்தா இந்த நாலு விரலை மடிச்சுத் தைச்சிருப்பேன் சார். சக்கரத்தை எப்படி மடிக்கிறது?"

அவர் கணவர் மின்கம்பம் ஏறுகிற வேலை பார்த்தவர். இரண்டு வருடம் முன்னால் ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. இப்போது இருக்கிற வாடகை வீட்டில் குளியலறைக்குள் நாற்காலி நுழையாது. இரண்டு வருடமாக ஈரத்துணியால்தான் உடம்பைத் துடைத்து விடுகிறார். "தலையில தண்ணி விழணும், அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்னு சொல்றாரு" என்றார். மனை பதினாறடி அகலம். கழிவுநீர் இணைப்பு பின்பக்கம், அந்த மூலையில்தான் இருக்கிறது. குளியலறையை வேறு எங்கேயும் நகர்த்த முடியாது. இதை நான் வரைபடத்தில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பார்த்துவிட்டுத்தான் மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தேன்.

"விதித் தளர்வு கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்க. பொறியாளர் கிட்ட கொண்டு போறேன்" என்றேன். அவர் எழுதியதை வாங்கிக்கொண்டு அவர்களை அனுப்பி வைத்தேன். சாக்கட்டிக் கோடு அன்று மாலை வரை தரையில் இருந்தது. பெருக்குகிற அம்மா வந்து, இதை அழிக்கலாமா சார் என்று கேட்டார். அழிக்கலாம் என்றேன்.

எங்கள் பொறியாளர் மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. என்னைவிட இருபது வயது இளைய பெண்மணி. எதையும் மூலத்தில் பார்க்காமல் ஒப்பமிட மாட்டார். தளர்வுக் கோப்பைக் கொண்டுபோய் வைத்ததும் விதித் தொகுப்பை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"மூணாவது விதி என்ன சொல்லுது சார்? ஒரு விதியோட நோக்கம் வேற வழியில நிறைவேறினா அந்த விதியைத் தளர்த்தலாம், நோக்கத்தைக் கோப்புல எழுதணும். சரி. இந்த மூலை வெட்டுக்கு என்ன நோக்கம்?"

நான் பதினான்காம் விதி இருந்த பக்கத்தைப் புரட்டினேன்.

தொகுப்பில் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் எதிரே வலப்பக்கம் ஒரு பத்தி உண்டு. அந்த விதியை நகர்மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின் எண்ணும் தேதியும் அதில் இருக்கும். நான்காம் உட்பிரிவுக்கு எதிரே 'மேற்படி' என்று போட்டிருந்தது. அதாவது மூன்றாம் உட்பிரிவுக்கு உள்ள அதே தீர்மானம்.

"மேற்படித் தீர்மானத்தை ஆவண அறையிலேர்ந்து எடுத்துப் பார்த்துட்டேன்" என்றார் பொறியாளர். "அதுல மூணு உட்பிரிவுதான் இருக்கு. நாலாவது எங்கேயிருந்து சார் வந்துச்சு?"

"தேடிப் பார்க்கணும் மேடம்."

"தேடுங்க. கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல. தொகுப்பையே அடுத்த மாசம் மறு அச்சுக்குக் கொடுக்கறோம், மன்றத்துல மொத்தமா உறுதி செஞ்சுடலாம். நல்ல விதிதான். பக்கத்து ரெண்டு நகராட்சியில நம்மளைப் பார்த்து எடுத்துக்கிட்டாங்க. ஆனா இந்தம்மாவுக்குத் தளர்வு கொடுக்க முடியாது. வெளிச்சத்துக்கா, தீயணைப்புக் குழாய் இழுக்கறதுக்கா, தொட்டி சுத்தம் பண்ணறதுக்கா? எதுக்குன்னே தெரியாத விதியை நான் எதை வெச்சுத் தளர்த்துவேன்?"

பதினைந்து நாள் கெடு வைத்து அனுப்பினார்.

தேட வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. அந்த நான்காம் உட்பிரிவு எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான். அதை எழுதினவனே நான்.

என் அண்ணன் எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவர்தான். லாரி பட்டறையில் மெக்கானிக், கனத்த உடம்பு. அவரும் அண்ணியும் நானும் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டின் சொந்தக்காரர். எங்களுக்கு வழி பக்கத்துச் சந்துதான், மூன்றடி அகலம். ஒரு நாள் நடுப்பகலில் அண்ணனுக்கு நெஞ்சு வலி. நான் தெருக்கோடித் தொலைபேசிக் கடைக்கு ஓடி ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் அவரைக் கிடத்தி, பின்புறத்திலிருந்து சந்துக்குள் திரும்புகிற மூலை வரை கொண்டுவந்தார்கள். அங்கே திரும்பவில்லை. பின்னால் இழுத்து மறுபடி முயன்றார்கள். திரும்பவில்லை. கடைசியில் அவரைப் பட்டைகளால் இறுக்கி, ஸ்ட்ரெச்சரை அப்படியே நிமிர்த்தி, நின்ற வாக்கில் மூலையைத் திருப்பினார்கள். முன்பக்கத் தண்டைப் பிடித்திருந்தது நான். அண்ணனின் தலை என் தோளுக்கு நேரே தொங்கியது. முழங்கை சுவரில் உரசிக்கொண்டே வந்தது. மருத்துவமனையில் டாக்டர், பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

அப்போது நான் இதே அலுவலகத்தில் எழுத்தர். அது நடந்து இரண்டு மாதத்தில் பழைய விதித் தொகுப்பைப் படியெடுத்து அச்சுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். என் கையெழுத்து திருத்தமாக இருக்கும், அதனால் வேலை என்னிடம் வந்தது. பதினான்காம் விதியின் மூன்று உட்பிரிவுகளை எழுதி முடித்தேன். பக்கத்தின் அடியில் நான்கு வரிக்கு இடம் இருந்தது. அளவு போட்டுப் பார்த்தேன். ஏழடி ஸ்ட்ரெச்சர், இருபுறமும் தூக்குகிற ஆள், விதிப்படி விட வேண்டிய மூன்றரை அடிச் சந்து. இரண்டடிக்கு இரண்டடி வெட்டினால் திரும்பும். அதே மையில், அதே எழுத்தில் நான்காவதை எழுதினேன். தீர்மான எண்ணுக்கான இடத்தில் மேற்படி என்று போட்டேன்.

ஒப்புநோக்குவதற்குத் தலைமை எழுத்தர் உட்கார்ந்தார். முறை என்னவென்றால், ஒருவர் பழைய படியை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் புதிய படியில் வரிக்கு வரி டிக் போட வேண்டும். படித்தது நான். மூன்றாம் உட்பிரிவு முடிந்ததும், பழைய பக்கத்தில் இல்லாத நான்காவதை, இருக்கிற மாதிரியே படித்தேன். குரல் மாறாமல் படித்தேன். அவர் டிக் போட்டுவிட்டு, அடுத்தது என்றார்.

இருபத்தொரு வருடம் யாரும் கேட்கவில்லை. இப்போதும் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் மன்றம் உறுதி செய்துவிட்டால் அது முறையான விதியாகிவிடும், எனக்கும் ஓய்வு பெற இரண்டு வருடம்தான். தையற்காரம்மாவுக்கு மட்டும் வழி இல்லை. நோக்கம் எழுதப்படாத வரையில் அவர் கணவர் தலையில் தண்ணீர் விழாது.

மூன்று நாள் இதை வைத்துக்கொண்டு சுற்றினேன். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணி என் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறார். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சமையலறையில் உப்புக்கும் சர்க்கரைக்கும்கூட லேபிள் ஒட்டி வைத்திருப்பார். காலையில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு போர்வையின் இரண்டு முனையைப் பிடித்தேன். மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாக, தேதியோடு.

அண்ணி போர்வையை மடித்து முடித்து, மேலே தட்டி வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்போ என் சமையல்கட்டு மூலையில ஃபிரிட்ஜ் நிக்காம, பத்து வருஷமா அது கூடத்துல நிக்குதே, அது உன் வேலையா?"

"ஆமா அண்ணி."

"ஊர்ல இருக்கிற அத்தனை மூலையும் உங்கண்ணனா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் அடுத்த துணியை எடுக்கவில்லை.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும். அவரு மூலைக்கு வரும்போதே உசிரோட இல்லை. கட்டில்லயே போயிட்டாரு. நீ போன் பண்ணப் போயிருந்த. நான் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நாடி நின்னது எனக்குத் தெரிஞ்சுது."

"டாக்டர் பத்து நிமிஷம்னு சொன்னாரே."

"அவங்க எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவாங்க. எனக்குத் தெரியும், ஆனா எப்படிச் சொல்றது? நீ, 'போன் கடையில எவனோ பேசி முடிக்கற வரைக்கும் நின்னேன், போனைப் பிடுங்கியிருக்கணும், பிடுங்கியிருக்கணும்'னு புலம்பிட்டு இருந்த. அப்புறம் டாக்டர் அப்படிச் சொன்னதும் மூலையைப் பிடிச்சுக்கிட்ட. உன்னை நீயே திட்டிக்கறதுக்கு அந்தச் சுவத்தைத் திட்டினாத் தேவலைன்னு விட்டுட்டேன். நீ அதை எடுத்துட்டுப் போய் ஊருக்கே சட்டமா எழுதி வைப்பேன்னு நான் கண்டேனா?"

சன்னலுக்கு வெளியே எங்கள் வீட்டின் வெட்டிய மூலை தெரிந்தது. நானே நின்று கட்டியது. அப்படியென்றால் அது எதற்கும் இல்லை, அண்ணி, என்றேன்.

"அப்படிச் சொல்லாத" என்றார். "நேரமானது எனக்கு வலிக்கலை. அவரை நிக்க வெச்சதுதான் வலிச்சுது. உசிரு போன மனுஷனை நிக்க வெச்சு, தலை தொங்கத் தொங்க. பக்கத்து மாடியிலேர்ந்து எல்லாரும் பார்த்தாங்க. படுத்தவரைப் படுத்தபடி கொண்டு போக ஒரு வழி இல்லாம போச்சேன்னு இன்னைக்கும் நினைப்பேன். அதை எழுது. எழுதினா அதை எழுது."

பிறகு துணியை எடுத்துக்கொண்டார். என் சட்டை அது. காலரை இரண்டு தடவை நீவி விட்டார்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போனேன். ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதியவன் நான், ஒரு வரிக்கு இவ்வளவு நேரம் ஆனதில்லை. முதல் படியில், உயிர் காக்கும் பொருட்டு, என்று எழுதியிருந்தேன். அடித்தேன். இரண்டாவதில் அண்ணனைப் பற்றி முக்கால் பக்கம் வந்தது. அதையும் எடுத்துவிட்டேன். கடைசிப் படி இப்படி இருந்தது:

'விதி பதினான்கு, உட்பிரிவு நான்கு, மன்றத் தீர்மானத்தின் வழி வந்ததன்று. இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் விதித் தொகுப்பைப் படியெடுத்தபோது, எவருடைய அனுமதியும் பெறாமல், அடியிற் கையொப்பமிட்டுள்ள நானே அதைச் சேர்த்தேன். ஒப்புநோக்கியபோது பழைய படியில் இருப்பதாகப் படித்தேன். தலைமை எழுத்தருக்கு இதில் பங்கில்லை. உட்பிரிவின் நோக்கம்: வீட்டின் பின்பகுதியில் படுத்திருக்கும் ஒருவரை, நிமிர்த்தாமல், படுத்த நிலையிலேயே தெருவரை எடுத்துச் செல்ல வழி இருக்க வேண்டும். வேறு நோக்கம் இல்லை.'

பொறியாளர் அதை இரண்டு தடவை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை நீங்க எழுதாம இருந்திருந்தா அடுத்த மாசம் எல்லாம் முடிஞ்சிருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"எத்தனை வீடு?"

"ஆயிரத்து நானூத்திப் பதினொண்ணு. நேத்து சாயங்காலம் என் நோட்டுல எண்ணிப் பார்த்தேன்."

"அதுல எத்தனை வீட்ல ஸ்ட்ரெச்சர் திரும்பியிருக்கும்?"

"தெரியாது. பீரோ ஏத்தி இறக்கறவங்க நல்லாத் திரும்புதுன்னு சொல்லியிருக்காங்க."

அவர் சிரித்துவிடுவார் போல இருந்தது, சிரிக்கவில்லை. கடிதத்தை விரலால் தட்டினார். "யாருக்காகன்னு எழுதலையே சார்."

"அது நோக்கத்துல வராது மேடம்."

கடிதத்தைக் கோப்பில் வைத்தார். "மெமோ கொடுத்தாகணும். மன்றத்துல வெச்சாகணும். என்னால மறைக்க முடியாது."

"மறைக்க வேண்டாம்."

"சரி. அது அது பாட்டுக்கு நடக்கட்டும். இப்ப அந்தத் தையற்காரம்மா கோப்பை எடுங்க. நோக்கம் கிடைச்சிருச்சே. மூலையை வெட்டாம அந்த மனுஷனைப் படுத்த வாக்கில தெருவுக்குக் கொண்டுவர வேற வழி இருக்கான்னு பாருங்க. இருந்தா நான் ஒப்பம் போடறேன். இல்லைன்னா, மன்னிச்சுக்குங்க, உங்க விதிதான்."

மறுநாளே மனைக்குப் போனேன். மேஸ்திரி கட்டைகளும் நூலும் வைத்து அறைகளைத் தரையில் அடையாளம் போட்டு வைத்திருந்தார். முன்னால் தையற்கடை, நடுவில் சமையலறை, பின்னால் அவர் கணவரின் அறை, அதற்கும் பின்னால் மூலையில் குளியலறை. தளர்வுக்கு என்ன வேண்டும் என்று விளக்கினேன். ஏழடி நீளம், இரண்டடி அகலம், திருப்பாமல் போக வேண்டும் என்றேன். தையற்காரம்மா ஒன்றும் கேட்காமல் பழுப்புக் காகிதத்தை உருட்டி விரித்து அந்த அளவுக்கு ஒரு நீள்சதுரம் கத்தரித்தார். கத்தரித்து முடித்த பிறகுதான் அது என்னவென்று அவருக்குப் பட்டது போல. கையை ஒரு தடவை புடவையில் துடைத்துக்கொண்டார்.

கணவர் அறையிலிருந்து சந்துக்கு ஒரு பக்கக் கதவு வைத்துப் பார்த்தோம். காகிதம் கதவைத் தாண்டி மூன்றரை அடிச் சந்தில் திரும்பவில்லை. சந்தை அகலமாக்கினால் அறை சுருங்கி, கட்டில் போடவே இடம் இருக்காது. அறையை முன்னும் பின்னும் மாற்றினால் கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் கிடைக்காது. மேஸ்திரி பிடுங்கி நட்ட கட்டைகளையே மறுபடி பிடுங்கிக்கொண்டிருந்தார். "சார், இந்த இடத்துல வீடு வர்றதுக்கு முன்னாடி கிணறு வந்துடும் போல" என்றார்.

அப்போதுதான் தையற்காரம்மா காகிதத்தை எடுத்துக் கணவரின் கட்டில் வரப்போகிற இடத்தில் வைத்தார். தெருவைப் பார்த்து நீளவாக்கில். "திருப்பவே வேணாம்னா?" என்றார். "நேரா போனா?"

"நேரா போனா சமையல்கட்டுச் சுவரு."

"அதுல வாசல் வையுங்க. அதுக்கு நேரா கடைக்கு ஒரு வாசல். அதுக்கு நேரா தெரு வாசல். மூணும் ஒரே வரிசையில." காகிதத்தைத் தரையோடு தள்ளிக்கொண்டே வந்தார், சமையலறை வழியாக, கடை வழியாக, தெரு ஓரம் வரை. கடையின் நடுவில் நின்றார். "வெட்டுற மேசை இங்கதான் போடணும்னு இருந்தேன். வெளிச்சம் இங்கதான் நல்லா விழும்."

"மேசை வந்தா வழி அடைபடும்மா. எப்பவும் காலியா இருக்கணும். அப்படி இருந்தாத்தான் தளர்வு."

அவர் ஓரத்து நூலை ஒட்டி இருந்த இடத்தைக் காலடியால் அளந்தார். "ஓரமாப் போட்டுக்கறேன். ஒரு விளக்கு சேர்த்து வெச்சுக்கறேன்."

தளர்வு ஆணையை நானே வரைந்தேன். மூன்று வாசல்களும் மூன்றரை அடி அகலம், ஒரே நேர்க்கோட்டில், வாசற்படி உயராமல், பின் அறைக் கட்டிலிலிருந்து தெருவரை நிரந்தரத் தடை எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். இந்நிபந்தனைகளால் உட்பிரிவின் நோக்கம் நிறைவேறுகிறது. கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது பொறியாளர் ஒப்பமிட்டார்.

மன்றக் கூட்டத்தில் என் கடிதம் படிக்கப்பட்டது. விதியை எடுத்துவிடலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். இருக்கட்டும், ஆனால் நேர்வழி இருந்தால் மூலை வெட்டத் தேவையில்லை என்று சேர்க்கலாம் என்று இன்னொருவர். அப்படியே தீர்மானம் ஆனது. என் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. இறுதி வரைபட ஒப்பம் இனி என்னிடம் இல்லை, நான் மனைகளுக்குப் போய் அளந்து வந்து அறிக்கை மட்டும் கொடுப்பேன். அண்ணியிடம் சொன்னபோது, "கூடத்துலேயே ஃபிரிட்ஜ் இருக்கட்டும், இனிமே மூலையை ஒண்ணும் பண்ண வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்து மாதம் கழித்துத் தையற்காரம்மாவின் வீட்டுக்கு நிறைவு ஆய்வுக்குப் போனேன். பின் மூலை கூராக நின்றது. இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றைப் பார்த்து நான் அறிக்கையில் கையெழுத்துப் போடப்போவது இதுதான் முதல் தடவை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பூச்சு இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. தரையெல்லாம் தண்ணீர். சக்கரத்தின் ஈரத் தடம் ஒரு முழு வட்டமாகச் சுற்றி வெளியே வந்து, கணவரின் அறைக்குள் போயிருந்தது. அவர் கட்டிலில் படுத்திருந்தார். தலைமுடி இன்னும் காயவில்லை.

வாசல்களை அளக்க வேண்டும் என்றேன். தையற்காரம்மா நூல்கண்டைக் கொண்டுவந்தார். ஒரு முனையைக் கணவரின் கட்டில் காலில் கட்டினார், கண்டை என் கையில் கொடுத்தார். நான் பிரித்துக்கொண்டே நடந்தேன். முதல் வாசல், இரண்டாம் வாசல், கடை. துணி வெட்டுகிற மேசை சுவர் ஓரமாக, தலைக்கு மேலே ஒரு விளக்கோடு இருந்தது. தெரு வாசலுக்கு வெளியே வந்து நூலை இழுத்துப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். எந்த வாசல் நிலையையும் தொடாமல் நூல் நேராகப் போயிற்று. மறுமுனையில், கட்டிலில் படுத்தபடியே, கணவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கா சார்?" அங்கேயிருந்தே கேட்டார்.

"சரியா இருக்கு."

"எனக்கும் இது சரியாத்தான் இருக்கு. பழைய வீட்ல கடைக்கு யாரு வந்தாலும் வெறும் குரல்தான் வரும். இப்ப முகமும் வருது."

தெருவில் ஒரு பெண் கையில் துணியோடு வந்து, நூலைப் பார்த்துத் தயங்கி நின்றாள். போகலாமா என்று கேட்டாள். நான் நூலைத் தாழ்த்திப் பிடித்தேன். அவள் தாண்டிப் போன பிறகு மறுபடி இழுத்துப் பிடித்து, பாக்கி இருந்த அளவை எழுதிக்கொண்டேன்.